சிஎன்சியில் செதுக்கும் நினைவுப் பெட்டி: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

அம்பத்தூரில் ஒரு சின்ன ஷெட்டில், கணினி சொல்லும் வழியில் மரத்தைச் செதுக்கும் எங்கள் சிஎன்சி மெஷின் ஓடுகிறது. பலகையைக் கிடத்தும் பெட் 600க்கு 900 மி.மீ., வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் 2.2 கிலோவாட். தாலிப் பெட்டி, குழந்தையின் முதல் கொலுசை எடுத்து வைக்க ஒரு பெட்டி, தாத்தாவின் கைக்கடிகாரத்துக்கு ஒரு பெட்டி என்றுதான் வேலை வரும். ஒரே மாதிரியான கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்ததால், சரிசெய்ததை எல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த நோட்டைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

கோளாறு எதுவானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான். முதலில் மரம், அப்புறம் பிட், அப்புறம் பலகையைப் பிடித்திருக்கும் விதம், அப்புறம் வரைந்த ஃபைல். மெஷின் கடைசியில்தான். மரத்தில் இருக்கும் குறைக்கு மெஷினின் செட்டிங்கை மாற்றினால் குறையும் போகாது, நன்றாக இருந்த செட்டிங்கும் கெட்டுவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய எண்ணை எழுதி வைக்காமல் புது எண்ணைப் போடாதீர்கள்.

## மூடி பொருந்தவில்லை

எங்களிடம் அதிகம் வருவது இதுதான். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வெட்டிய அன்றே பொருந்தவில்லையா, பொருந்தி இருந்து பிறகு இறுகியதா? இரண்டும் வேறு வேறு நோய்.

### வெட்டிய அன்றே பொருந்தவில்லை என்றால்

மொத்த அளவும் ஒரே விகிதத்தில் தப்பா? 150 மி.மீ. வரவேண்டிய பெட்டி 160 ஆகவோ 140.6 ஆகவோ வந்திருந்தால் மெஷினைத் தொடவே வேண்டாம். வரையும் சாஃப்ட்வேரான இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் ஒரு அங்குலத்தை 90 புள்ளியாகக் கணக்கிட்டன, 0.92 பதிப்பிலிருந்து அது 96 ஆனது. ஒரு கணக்கில் வரைந்ததை மற்றொரு கணக்கில் திறந்தால் இந்த வித்தியாசம் வரும். இம்போர்ட் செய்தவுடன் வெளிச்சட்டத்தின் நீளத்தை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் இருந்தால் ஒரு பலகை மிஞ்சும்.

எல்லாப் பக்கமும் கொஞ்சம் இறுக்கமா? பிட்டை வெர்னியரில் அளந்து பாருங்கள். சாணை பிடித்து வந்த 6 மி.மீ. பிட் 5.9 இருக்கும். சாஃப்ட்வேர் 6 என்றே நினைத்து ஓட்டும். பெட்டியின் குழி 0.1 சின்னதாகும், அதற்குள் இறங்கும் மூடியின் உதடு 0.1 பெரிதாகும். நாம் விட்ட இடைவெளியில் 0.2 மி.மீ. அங்கேயே காணாமல் போய்விடும். சாஃப்ட்வேரின் டூல் லைப்ரரியில் அளந்த அளவைப் போட்டால் தீர்ந்தது.

மூலையில் மட்டும் இடிக்கிறதா? 6 மி.மீ. பிட் உள்மூலையை 3 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வெட்டவே முடியாது. மூடியின் மூலையைக் கூராக வரைந்திருந்தால் இடிக்கத்தான் செய்யும். நான் உதட்டின் மூலைக்கு 3.5 கொடுப்பேன்.

ஒரு அச்சில் மட்டும் தப்பா? எக்ஸ் அச்சை 200 மி.மீ. நகரச் சொல்லி, உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். பெல்ட் மெஷின் என்றால் முதலில் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டு மறுபடி அளக்கவும். இன்னும் குறைவாக வந்தால் பழைய ஸ்டெப் எண்ணை (ஒரு மில்லி நகர மோட்டார் எடுக்கும் ஸ்டெப்) 200ஆல் பெருக்கி, அளந்த நீளத்தால் வகுத்துப் புது எண்ணைப் போடலாம். 80 ஸ்டெப் வைத்திருந்து 199.2 மி.மீ. நகர்ந்திருந்தால் புது எண் 80.32. பால் ஸ்குரு மெஷினில் இந்த எண் தானாக மாறாது. மாறியது போலத் தெரிந்தால் மோட்டாரையும் ஸ்குருவையும் இணைக்கும் கப்ளரின் கிரப் ஸ்குரு தளர்ந்திருக்கும். எண்ணைத் தொடாமல் ஆலன் கீயை எடுங்கள்.

### பொருந்தி இருந்தது, மழைக்காலத்தில் இறுகிவிட்டது

பங்குனியில் ஓர் அம்மாவுக்குத் தேக்கில் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன், மூடியில் மல்லிகைக் கொடி. கார்த்திகையில் அதை மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்தார். மூடி திறக்கவில்லை. உள்ளே அவருடைய அம்மாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. உளி வைத்து நெம்பினால் விளிம்பு போய்விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டியை வைத்து மூடினேன். மூன்றாம் நாள் மூடி கையோடு வந்தது. அளந்து பார்த்தால் உதட்டின் நீளம் மாறவே இல்லை, அகலம் மட்டும் 0.6 மி.மீ. கூடியிருந்தது.

தப்பு என்னுடையது. பெட்டியின் உடலுக்கு ஒரு பலகை, மூடிக்கு வேறு பலகை எடுத்திருந்தேன். மூடிக்கு எடுத்த துண்டு ஏசி அறையில் பல மாதம் கிடந்தது. சென்னைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டில் பெரும்பாலான நாள் 65 முதல் 80 சதவீதம் வரை இருக்கிறது. அந்தக் காற்றில் கிடக்கும் மரம் 12 முதல் 16 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். ஏசி அறையில் அது 9, 10க்கு இறங்கிவிடும். அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கிய தேக்கிலேயே, 150 மி.மீ. அகலப் பலகை 10லிருந்து 14 சதவீதத்துக்கு ஈரம் ஏறினால் ரேகைக்குக் குறுக்கே ஏறக்குறைய 1 மி.மீ. பெருக்கும். ரேகை ஓடும் நீளத்தில் ஒன்றும் ஆகாது.

அதற்குப் பிறகு நான் மாற்றாமல் செய்து வருவது:

- மூடியும் உடலும் ஒரே பலகையில், ஒரே ரேகைத் திசையில். பூ வேலைக்கு அழகாக இருக்கும் என்று மூடியை மட்டும் குறுக்கே திருப்பி வெட்டுவதில்லை. இரண்டும் ஒரே பக்கம் பெருத்தால் சேர்ந்தே பெருக்கும், சண்டை வராது.
- பலகையை ஷெட்டிலேயே குறைந்தது மூன்று வாரம், நடுவில் குச்சி வைத்து அடுக்கி வைப்பேன். ஈரமானியில் இரண்டு ஊசியையும் பலகையின் நடுவில் குத்திப் பார்ப்பேன். 14க்கு மேல் காட்டினால் அந்தப் பலகை இன்னும் காத்திருக்கட்டும்.
- உதட்டுக்கு இடைவெளி, ரேகைக்குக் குறுக்கே பக்கத்துக்கு 0.5 மி.மீ., ரேகை வாக்கில் 0.2. பங்குனி, சித்திரையில் வெட்டினால் குறுக்கே இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

இறுகிய மூடியை இழைக்க வேண்டி வந்தால், முதலில் உலரவிட்டு, பெருத்த இரண்டு பக்கத்தை மட்டும் இழையுங்கள். மழை நாளில் இறுக்கம் பார்த்து நாலு பக்கமும் தேய்த்தால் சித்திரையில் மூடி லொடலொட என்று ஆடும்.

## மூடி வளைந்துவிட்டது

இதுவும் மேலே சொன்னதன் தம்பிதான். மேல்பக்கம் 5 மி.மீ. ஆழம் செதுக்கி, அடிப்பக்கத்தைத் தொடாமல் விட்டால் பலகையின் இரண்டு முகமும் ஒரே மாதிரி மூச்சு விடாது. 18 மி.மீ. பலகை என்றால் ரஃப்பிங் (முதல் கரடு வெட்டு) மட்டும் முடித்து, ஒரு மில்லி மிச்சம் விட்டு, ஒரு ராத்திரி செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். பெட்டின் மேல் படுக்கப் போட்டால் அடிப்பக்கத்துக்குக் காற்றே போகாது. மறுநாள் அடிப்பக்கத்தைச் சமப்படுத்திவிட்டு ஃபினிஷிங் ஓட்டலாம்.

பாலிஷ் போட்ட பிறகு வளைந்தது என்றால் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெறும் மரமாக இருக்கும், அல்லது வெல்வெட் மட்டும் ஒட்டியிருக்கும். வெளியே எத்தனை கோட்டோ உள்ளேயும் அத்தனை கோட் வேண்டும். ஏற்கெனவே வளைந்த மூடியில் உள்பக்கத்தைச் சுரண்டி, மரத்துளைகளை அடைக்கும் சீலர் அடித்துப் பாருங்கள். லேசான வளைவு என்றால் சில நாளில் ஓரளவு திரும்பும். முறுக்கிக்கொண்டது திரும்பாது, புதிதாக வெட்ட வேண்டியதுதான்.

## கோலத்தின் கோடு ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெல்லிசு

கூம்பு முனையுள்ள வி பிட்டில் ஆழம்தான் அகலம். 90 டிகிரி பிட் அரை மில்லி கூடுதலாக இறங்கினால் கோட்டின் அகலம் 1 மி.மீ. கூடிவிடும். 60 டிகிரி பிட்டில் அதே அரை மில்லிக்கு 0.58. சிக்குக் கோலம் போட்டால் இந்த வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும், புள்ளியைச் சுற்றி வரும் கம்பி ஒரு மூலையில் நூலாகவும் எதிர் மூலையில் கயிறாகவும் இருக்கும்.

1. பலகையை இரும்பு ஸ்கேலில் குறுக்கும் மறுக்கும் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகையே சமமில்லை. செதுக்கும் முன் அதன் மேல்பக்கத்தை மெஷினிலேயே ஒரு பாஸ் வழித்துவிடுங்கள்.
2. அடியில் மரத்தூள் சிக்கியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். ஒரு சுருள் போதும் அரை மில்லி தூக்குவதற்கு.
3. ஓரத்தில் மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்கினால் நடுப்பகுதி மேலே எழும்பும். நடுவில் இரட்டைப்பக்க டேப் கொடுங்கள்.
4. பெட்டின் மேல் போட்டிருக்கும் எம்டிஎஃப் பலகை மழைக்காலத்தில் ஊதும். நாலு மூலையிலும் ஏ4 தாளைப் பிட்டுக்கு அடியில் வைத்து, தாள் உரசும் இடத்தில் இசட் எண்ணைக் குறியுங்கள். மூலைக்கு மூலை 0.1க்கு மேல் வித்தியாசம் வந்தால் எம்டிஎஃப்பை வழித்துச் சமப்படுத்துங்கள்.

வழித்த பிறகும் பெரிய பிட் போன தடத்தில் படிப்படியாக விளிம்பு தெரிந்தால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்து பழக்கமும் இருந்தால் நீங்களே பார்க்கலாம். இல்லை என்றால் இதற்கு ஆளைக் கூப்பிடுவது நல்லது. ஸ்பிண்டில் பிடிப்பைத் தளர்த்திவிட்டுத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாமல் இரண்டு நாள் போனவர்களைத் தெரியும்.

## விளிம்பில் பிசிறு நிற்கிறது

பிட் மழுங்கியதா என்று பார்க்க விரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். சுரண்டினால் கூர் இருக்கிறது, வழுக்கினால் போய்விட்டது. அடுத்து, கீழே விழுந்திருப்பதைப் பாருங்கள். சின்னச் சின்னச் சில்லாக விழுந்தால் பிட் வெட்டுகிறது, மாவாக விழுந்தால் தேய்க்கிறது.

பிட் புதிது, ஆனாலும் பிசிறு என்றால் மரத்துக்கு வாருங்கள். வேம்பும் ரப்பர் மரமும் ஈரமாக இருந்தால் நார் அறுபடாமல் படுத்துக்கொள்ளும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வேம்பிலும் வாகையிலும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்கள் என்று பாருங்கள். உளி பிடிக்கும் கை, ரேகை திரும்பும் இடத்தில் தானும் திரும்பும். பிட்டுக்கு அது தெரியாது, கோட்டின் வழியேதான் போகும். அதனால் ஃபினிஷிங்குக்கு முன் மெஷினை நிறுத்தி, செதுக்கிய இடம் முழுக்க மெல்லிய சீலர் ஒரு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கடைசி பாஸை ஓட்டுங்கள். நார் விறைத்து நிற்கும், சுத்தமாக அறுபடும். எனக்கு இவ்வளவு பலன் தந்த வேறு வழி கிடையாது.

மேல் விளிம்பில் மட்டும் பிசிறு என்றால் சில்லை மேலே இழுக்கும் பிட்டுக்குப் பதில் கீழே அழுத்தும் டவுன்கட் பிட் போடுங்கள். ஆழமான குழியில் அது சில்லை வெளியே தள்ளாது, அதனால் கடைசிச் சுற்றுக்கு மட்டும்.

## வெட்டிய இடம் கருகுகிறது

பெரும்பாலும் வேகம் அதிகம் என்று பயந்து ஃபீடை, அதாவது பிட் முன்னேறும் வேகத்தை, குறைத்ததால்தான் கருகும். பிட் ஒரே இடத்தில் சுற்றிச் சூடாகிறது. ஆர்பிஎம்மைப் பிட்டின் பல் எண்ணிக்கையால் பெருக்கி, ஒரு பல் எடுக்கும் சில்லின் தடிமனால் பெருக்கினால் ஃபீடு கிடைக்கும். 18000 ஆர்பிஎம், இரண்டு பல், 0.05 மி.மீ. சில்லு என்றால் நிமிடத்துக்கு 1800 மி.மீ. சின்ன மெஷின் அவ்வளவு வேகம் தாங்காது என்றால் ஃபீடைக் குறைக்கும் அளவுக்கு ஆர்பிஎம்மையும் குறையுங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் பிட்டில் தேக்கின் பிசின் ஒட்டிக் கறுத்திருக்கும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் துலக்குங்கள். புகை வாடை வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுத் தூசி உறிஞ்சும் பையையும் திறந்து பாருங்கள், அதில் கனலும் ஒரு துணுக்கு போதும் தீப்பிடிக்க.

## தமிழ் எழுத்து உடைந்து வருகிறது

"நினைவோடு" என்று அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வருகிறதா? வரைபடத்தை மெஷின் ஓடும் பாதையாக மாற்றும் பல கேம் (CAM) சாஃப்ட்வேர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. அதற்குள் தட்டச்சு செய்யாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் எழுதி, எழுத்தைப் பாதையாக மாற்றிவிட்டு, எஸ்விஜியாகச் சேமித்து இம்போர்ட் செய்யுங்கள். பாதையாக மாறிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. மாற்றும் முன் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். பெயரில் ர, ற மாறிப்போனால் அந்தப் பலகை விறகுதான்.

எழுத்து சரியாக வந்தும் ணகரத்தின் உட்சுழி உடைந்து விழுகிறது என்றால், சுழிகளுக்கு நடுவே மரமே நிற்கவில்லை. 2 மி.மீ.க்குக் குறைவான மரம் நார் வாக்கில் பிளந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சுழி விரிந்த வேறு எழுத்துருவை எடுங்கள்.

## வடிவம் பாதியில் நகர்ந்துவிட்டது

மயிலின் உடல் ஓரிடம், தோகை 3 மி.மீ. தள்ளி. முதலில் பலகை நகர்ந்ததா, மெஷின் நகர்ந்ததா என்று தெரிய வேண்டும். வேலை தொடங்கும் முன் பலகையின் ஓரத்தில் பென்சிலால் பெட் வரைக்கும் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு உடைந்திருந்தால் பலகை நகர்ந்தது, பிடிப்பைச் சரிசெய்தால் போதும்.

கோடு அப்படியே இருக்கிறது என்றால் மெஷின் ஸ்டெப்பை விட்டிருக்கிறது. கரண்டை அணைத்துவிட்டு அச்சைக் கையால் முழு நீளத்துக்கும் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் இடறினால் ரெயிலில் தூள் இறுகியிருக்கிறது. தூசிக் குழாய் எங்காவது மாட்டி இழுக்கிறதா, கேபிள் செயின் பிடிக்கிறதா என்பதும் அப்போதே தெரியும். அடுத்து கப்ளர். அதற்கும் பிறகுதான் செட்டிங், ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர் என்றால் $120, $121 (எக்ஸ், ஒய் அச்சின் முடுக்கம்) இரண்டையும் கால் பங்கு குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

தள்ளும்போது கரகர என்று சத்தம் வந்து, துடைத்து எண்ணெய் போட்டும் போகவில்லை என்றால் ரெயிலின் பிளாக் தேய்ந்துவிட்டது. அதைக் கழற்றினால் குண்டுமணிகள் சிதறும். மெஷின் சர்வீஸ் செய்கிறவரிடம் விட்டுவிடுங்கள்.

## ஆழம் போகப் போகக் கூடுகிறது, அல்லது பிட் உடைகிறது

இரண்டுக்கும் முதல் சந்தேகம் பிட்டைப் பிடித்திருக்கும் கோலெட் மேல்தான். பிட் மெதுவாக நழுவி இறங்கினால் தொடக்கத்தில் 3 மி.மீ. இருந்த ஆழம் முடியும்போது 4 ஆகியிருக்கும். பிட்டின் தண்டில் மார்க்கர் பேனாவால் கோலெட் வாயை ஒட்டி ஒரு வட்டம் போட்டு ஓட்டினால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

கோலெட்டைக் கழற்றி, பிளவுகளில் இருக்கும் தூளைத் துலக்குங்கள். முதலில் கோலெட்டை நட்டுக்குள் 'டக்' என்று உட்கார வைத்து, அப்புறம்தான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். நேராக ஸ்பிண்டிலில் போட்டு நட்டை மூடினால் கோணலாகப் பிடிக்கும், மெல்லிய முனையுள்ள பிட் முதல் குழியிலேயே போய்விடும். 6 மி.மீ. தண்டை 6.35 கோலெட்டில் போட்டு இறுக்கிச் சமாளிக்காதீர்கள். கோலெட் தேய்கிற சாமான், தினமும் ஓட்டினால் அவ்வப்போது புதிது வாங்குவது பிட்டை விட மலிவு.

புதுக் கோலெட்டிலும் டயல் கேஜ் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால், அல்லது ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது மணல் அரைப்பது போல விரலில் பட்டால், பேரிங். வீட்டில் மாற்றுகிற வேலை இல்லை அது.

## நடுவில் நின்றுவிடுகிறது

லேப்டாப் தூங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள், பல நாள் அதுதான். தூசி மோட்டாரைப் போட்டவுடன் இணைப்பு அறுகிறது என்றால், பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் சேர்கிறது. குழாய் நெடுகச் செம்புக் கம்பி சுற்றி எர்த்தில் கொடுங்கள். யுஎஸ்பி கேபிளை ஸ்பிண்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கோடையில் மாலை நேரத்தில் மட்டும் ஸ்பிண்டில் நிற்கிறது, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியில் எழுத்து மின்னுகிறது என்றால் மல்டிமீட்டரில் லைன் வோல்டேஜைப் பாருங்கள். 200க்குக் கீழ் இறங்கினால் மெஷினில் குறையில்லை, ஸ்டெபிலைசர் போடுவதைப் பற்றி எலக்ட்ரீஷியனிடம் பேசுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலோ, மெஷினைத் தொட்டால் சுருக்கென்றாலோ அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு அவரை வரவழையுங்கள். விஎஃப்டி பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். கரண்டை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளை வீழ்த்தும் அளவுக்கு மின்சாரம் சில நிமிடம் நிற்கும்.

## பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது

செதுக்கல் எல்லாம் அருமையாக வந்து, கடைசியில் லேக்கர் அடித்தவுடன் பள்ளங்களில் பால் ஊற்றியது போல வெண்படலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது அடித்தால் இது வரும். தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதில் வந்து படிகிறது. துணியால் துடைக்காதீர்கள், உப்புத்தாளும் போடாதீர்கள், பள்ளத்தில் கை எட்டாது. மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள் பார்த்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிய பனி போல ஒரு தடவை ஸ்பிரே செய்யுங்கள். படலம் கரைந்து தெளிந்துவிடும்.

அதற்கும் தெளியாமல் மரத்தின் துளைகளுக்குள் வெள்ளை தங்கிவிட்டால் பாலிஷ் செய்கிறவரிடம் கொடுத்து முழுதும் எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். நான் இப்போது ஐப்பசி பிறந்தால் காலை பதினொரு மணிக்கு முன் ஸ்பிரே கன்னைத் தொடுவதில்லை. டெலிவரி தேதியை வாடிக்கையாளரிடம் ஒரு வாரம் தள்ளியே சொல்கிறேன், காரணத்தையும் சொல்லித்தான்.